ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்கு பிரேக் பேடும் டிஸ்க்கும்: எதைப் பார்த்து வாங்குவது?

கழற்றிப் போட்ட பழைய பிரேக் பேடு ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஓர் இரும்புத் தகடு, அதன் மேல் ஒட்டிய கறுப்புப் பொருள். புதிதாக இருந்தபோது அந்தக் கறுப்பு ஒரு சென்டிமீட்டர் கனம் இருந்திருக்கும். முன் சக்கரம் ஒன்றுக்கு இரண்டு வீதம் மொத்தம் நாலு பேடு. ஃபார்ச்சூனர் மாதிரி ஒரு வண்டி ஆள் ஏறாமலே இரண்டு டன்னுக்கு மேல். ஏழு பேர், கேரியரில் சாமான், முன்னால் இரும்பு பம்பர் என்று சேர்த்தால் இரண்டரை டன்னைத் தாண்டும். பிரேக் மிதித்ததும் வண்டியின் மூக்கு குனிகிறது அல்லவா? பாரம் முன் சக்கரங்களுக்குப் போவதன் அடையாளம் அது. நிறுத்துகிற வேலையில் கிட்டத்தட்ட 70 சதவீதம் அந்த நாலு துண்டுகளின் தலையில்தான் விழுகிறது.

கடைக்குப் போனால் எல்லோரும் கேட்பது, "நல்லா பிடிக்கிற பேடு எது?" என்றுதான். முதல் மிதிக்கு ஓரளவு தரமான எந்தப் பேடும் நன்றாகவே பிடிக்கும். டயர் வழுக்கி ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) வேலை செய்யும் அளவுக்குப் பிடிக்கும். அதற்கு மேல் பிடிக்க முடியாதபடி தடுப்பது டயருக்கும் தார்ச்சாலைக்கும் இடையிலான பிடிப்பு, பேடு அல்ல. கேட்க வேண்டிய கேள்வி வேறு: இருபதாவது மிதிக்கும் இதே மாதிரி பிடிக்குமா? கனமான வண்டிக்கு பேடும், அது இறுக்கிப் பிடிக்கிற, சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டான டிஸ்க்கும் தேர்ந்தெடுப்பதென்றால் இந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடுவதுதான்.

சூட்டுக் கணக்கு

பிரேக் வேகத்தை மாயமாக்குவதில்லை, சூடாக மாற்றுகிறது. 2,500 கிலோ வண்டி 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதனிடம் இருக்கும் ஆற்றல் சுமார் 9.6 லட்சம் ஜூல். வீட்டுக் குழாயில் வரும் மூன்று லிட்டருக்கும் கொஞ்சம் அதிகமான தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். அடுப்பில் வைத்தால் எவ்வளவு நேரம் ஆகும்? பிரேக் அதே சூட்டை நாலு நொடிக்குள் வாங்கிக்கொள்கிறது.

அந்தச் சூடு முதலில் போய்ச் சேரும் இடம் டிஸ்க். முன் டிஸ்க் ஒன்று 10 கிலோ என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், இப்படி ஒருமுறை நிறுத்தும்போது அதன் சூடு சுமார் 70 டிகிரி ஏறுகிறது. ஆறுவதற்குள் மறுபடி, அதற்குள் மறுபடி என்று பத்துமுறை நிறுத்தினால் என்ன ஆகும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். இன்னொன்றும் உண்டு. ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் சூடு நாலு மடங்கு. எடை கூடினால் அதே விகிதத்தில்தான் சூடு கூடும். அதனால் கனமான வண்டியை வேகமாகவும் ஓட்டுபவருக்கு பிரேக்கில் தேவை எக்கச்சக்கம்.

இப்போது மலைக்கு வருவோம். நீலகிரி மலை ரயில் மேட்டுப்பாளையத்தில் 326 மீட்டர் உயரத்தில் கிளம்பி 2,203 மீட்டர் வரை ஏறுகிறது. காரில் போகிறவர்களும் கிட்டத்தட்ட அதே உயரத்தைத்தான் ஏறி இறங்குகிறார்கள். 2,500 கிலோ வண்டி அங்கிருந்து கீழே வரும்போது வெளியேற்ற வேண்டிய ஆற்றல் சுமார் 4.6 கோடி ஜூல். 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 48 முறை நின்றதற்குச் சமம். இதில் ஒரு பங்கைக் காற்றும் டயரும் எடுத்துக்கொள்ளும். சரியான கியரில் வந்தால் பெரும்பங்கை என்ஜின் எடுத்துக்கொள்ளும். மிச்சமெல்லாம் பிரேக்குக்கு. இரண்டாம் கியரில் வரச் சொல்லி மலைப்பாதை ஓரத்தில் பலகை வைத்திருப்பது இதற்காகத்தான்.

எனக்கு இது புத்தியில் உறைத்தது கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் வழியில். அதற்கு மூன்று வாரம் முன்புதான் ஓர் ஒர்க் ஷாப்பில் விலை குறைவாக இருக்கிறதென்று பேடு மாற்றியிருந்தேன். ஏழு பேர், ஆட்டோமேட்டிக் வண்டி, கியர் டி-யிலேயே கிடந்தது. பாதி தூரம் வந்ததும் கருகின வாடை. முதலில் வேறு வண்டி என்று நினைத்தேன். அடுத்த கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் பிரேக்கை மிதித்தேன். பெடல் கல் மாதிரி நிற்கிறது, வண்டி மட்டும் போய்க்கொண்டே இருக்கிறது. கையால் கியரைக் குறைத்து, இரண்டு காலாலும் மிதித்து, வளைவைத் தாண்டி ஒரு டீக்கடை ஓரமாக நிறுத்தினேன். முன் சக்கரத்துக்குள் லேசாகப் புகை. என் பையன் தண்ணீர் கேனோடு ஓடினான். டீ குடித்துக்கொண்டிருந்த லாரி டிரைவர் ஒருவர் சத்தம் போட்டார்: "தம்பி, தண்ணி ஊத்தீறாத! டிஸ்க்கு வெடிச்சுப்போகும்." அப்புறம் என்னிடம், "சும்மா நிக்க வைங்க சார். ஹேண்ட் பிரேக் வேண்டாம், கியருல போட்டுக் கல்லு வைங்க," என்றார். முக்கால் மணி நேரம் நின்றோம்.

அவர் சொன்ன இரண்டுமே சரி. சூடேறிக் கிடக்கும் வார்ப்பிரும்பில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசல் விடும், கோணும். ஹேண்ட் பிரேக்கை இழுத்தால் பின்னால் சூடான பாகங்கள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டே நிற்கும்.

பிரேக் தோற்றுப்போவது இரண்டு விதமாக நடக்கும். என்னுடையது முதல் விதம்: பெடல் கல் மாதிரி, ஆனால் பிடிப்பு இல்லை. பேடு தன் சூட்டு வரம்பைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். இரண்டாவது, பெடல் பஞ்சு மாதிரி அமுங்கிக் கீழே போவது. அங்கே பேடு நன்றாக இருக்கலாம், பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி விட்டிருக்கும். குமிழியை அழுத்தினால் அது சுருங்குமே தவிர, அழுத்தத்தைக் காலிப்பருக்கு, அதாவது பேடை டிஸ்க்கோடு அழுத்தும் பாகத்துக்கு, கடத்தாது. எது நடந்தது என்று தெரியாமல் பேடை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால் காசுதான் போகும்.

பேடின் ஓரத்தில் இருக்கும் இரண்டு எழுத்து

பேடில் பொதுவாக மூன்று ரகம் பேசப்படும். ஆர்கானிக் என்பது இழைகளையும் பிசினையும் சேர்த்துச் செய்தது. மெத்தென்று பிடிக்கும், சத்தம் வராது, டிஸ்க்கைத் தின்னாது. ஊருக்குள் ஓடும் சின்னக் காருக்குச் சரி. அதிகச் சூட்டில் பிசின் இளகி ஆவி விடும், பிடிப்பு விழும். செமி மெட்டாலிக்கில் எடைக் கணக்கில் சுமார் 30 முதல் 65 சதவீதம் வரை உலோகம், இரும்புத் தூள், எஃகு இழை, செம்பு என்று. சூட்டைத் தாங்கும். ஆனால் கறுப்புத் தூள் ரிம்மில் படியும், காலையில் முதல் மிதியில் கீச்சென்று கேட்கும், டிஸ்க் கொஞ்சம் வேகமாகத் தேயும். செராமிக் என்பது பீங்கான் இழை கலந்தது. அதில் சத்தமும் தூளும் குறைவு, ஆயுள் அதிகம். அதிலும் நல்லதும் உண்டு, பெயருக்கு செராமிக் என்பதும் உண்டு.

என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். வண்டி பெரும்பாலும் ஊருக்குள்ளும் நாலுவழிச் சாலையிலும்தான் ஓடுகிறது, வருடத்துக்கு ஒருமுறை மலை என்றால், வண்டிக் கம்பெனி கொடுக்கும் பேடே போதும். அதைவிட்டு வேறு தேட அவசியமில்லை. அடிக்கடி மலை, நிறைய லோடு, பின்னால் டிரெய்லர் என்றால் ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்கும் பாரம் இழுப்பதற்கும் என்றே தயாரித்த செமி மெட்டாலிக் அல்லது செராமிக் பேடு வாங்குங்கள். பெட்டி மேல் இருக்கும் ரகப் பெயரை மட்டும் நம்பி வாங்காதீர்கள். ஒரே ரகத்துக்குள் ஒரு கம்பெனிக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வித்தியாசம், ரகத்துக்கும் ரகத்துக்கும் உள்ளதைவிடப் பெரிதாக இருக்கலாம்.

நம்பக்கூடியது ஒன்று பேடிலேயே அச்சடித்திருக்கும். பேடைப் பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள். எழுத்தும் எண்ணுமாக ஒரு வரி இருக்கும். கடைசியில் வரும் இரண்டு ஆங்கில எழுத்துகள்தான் உராய்வுக் குறியீடு. முதல் எழுத்து சாதாரணச் சூட்டில், ஏறத்தாழ 93 முதல் 204 டிகிரி வரை, பேடு எவ்வளவு பிடிக்கிறது என்பது. இரண்டாவது எழுத்து அதைவிடச் சூடாக, சுமார் 343 டிகிரி வரை போனால் எவ்வளவு பிடிக்கிறது என்பது. எழுத்துக்கு உரிய அளவு இப்படி: 'ஈ' என்றால் உராய்வு எண் 0.25 முதல் 0.35 வரை. 'எஃப்' என்றால் 0.35 முதல் 0.45 வரை. 'ஜி' என்றால் 0.45 முதல் 0.55 வரை.

'எஃப் எஃப்' என்று இருந்தால் சூடேறினாலும் அதே வரம்புக்குள் நிற்கிறது என்று அர்த்தம். 'எஃப் ஈ' என்றால் சூட்டில் ஒரு படி இறங்கும். கனமான வண்டிக்கு இரண்டாவது எழுத்து முதல் எழுத்தைவிடக் கீழே போகாததைத்தான் நான் எடுப்பேன். 'ஜி ஜி' கிடைத்தால் குறைந்த அழுத்தத்திலேயே கூர்மையாகப் பிடிக்கும், ஆனால் பழக்கமில்லாத காலுக்கு முதலில் தூக்கிப்போடும். இந்தக் குறியீட்டுக்கும் எல்லை உண்டு. சின்னத் துண்டு ஒன்றைச் சோதனை இயந்திரத்தில் உராய்த்துப் பார்த்துக் கொடுப்பது அது. எவ்வளவு நாள் உழைக்கும், சத்தம் வருமா, 343 டிகிரிக்கு மேல் என்ன செய்யும் என்பதையெல்லாம் அது சொல்லாது. அந்த வரி இல்லாத பேடு, அல்லது பெட்டியில் ஒன்றும் பேடில் வேறொன்றுமாக இருக்கும் பேடு, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

ரேஸ் பேடு போட்டால் சூட்டைப் பற்றிய கவலையே இல்லையே என்று சிலர் போவதுண்டு. அது சூடேறினால்தான் பிடிக்கும். காலையில் வாசலிலிருந்து வண்டியை எடுத்து முதல் முக்கில் ஒரு பள்ளிக் குழந்தை குறுக்கே வந்தால், அந்த நேரத்துக்கு அது உதவாது.

முன்னால் ஒரு தரம், பின்னால் ஒரு தரம் என்று கலக்கவும் வேண்டாம். முன் பின் பிரேக் எவ்வளவு பங்கு எடுக்க வேண்டும் என்று கம்பெனி கணக்குப் போட்டுத்தான் ஏபிஎஸ் அமைத்திருக்கிறது. பின்னால் மட்டும் அதிகம் பிடிக்கிற பேடு போட்டால் வளைவில் வால் விலகும். மாற்றினால் இடம் வலம் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். 2020-இல் வந்த தார் போல, பின்னால் டிஸ்க்குக்குப் பதில் டிரம் உள்ள வண்டி என்றால், அதற்குள் பேடின் வேலையைச் செய்யும் ஷூவையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். முன் பேடு அடிக்கடி தேய்கிறது என்ற புகாருக்குப் பின்னால் வேலை செய்யாத டிரம் இருப்பதுண்டு.

டிஸ்க்: ஓட்டையா, கோடா, வெறுமனேயா?

ஊர்ப்பக்கம் டிஸ்க் என்கிறோம், பார்ட்ஸ் கடைச் சீட்டில் ரோட்டர் என்று வரும். இரண்டும் ஒன்றுதான். கனமான வண்டிகளின் முன் டிஸ்க் இரண்டு தட்டுகளைச் சேர்த்து நடுவே காற்றுப் போக வழி விட்ட மாதிரி இருக்கும். சக்கரம் சுற்றும்போது நடுவிலிருந்து காற்றை இழுத்து ஓரமாகத் தள்ளும், விசிறி மாதிரி. அந்த இடைவெளியில் சேறு உறைந்து அடைத்துக்கொண்டால் பாதி வேலை போயிற்று. காட்டுப் பாதையிலிருந்து வந்தால் டிஸ்க் நன்றாக ஆறிய பிறகு, அந்த இடைவெளிக்குள் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுவது நல்லது.

துளை போட்ட டிஸ்க் பார்க்க அழகு. பழைய காலத்துப் பேடுகள் சூட்டில் விட்ட ஆவி வெளியேற வழி செய்யத்தான் துளை வந்தது. இன்றைய பேடுகளில் அந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்துவிட்டது. துளை போட்ட இடத்தில் இரும்பு குறைகிறது, சூட்டை வாங்கும் எடை குறைகிறது. திரும்பத் திரும்பச் சூடேறி ஆறும்போது துளையின் விளிம்பிலிருந்துதான் விரிசல் கிளம்பும். இரண்டரை டன் வண்டிக்கு அதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். கோடு வெட்டிய டிஸ்க் வேறு கதை. பேடின் முகத்தில் படியும் பளபளப்பையும் மண்ணையும் நீரையும் அந்தக் கோடுகள் வழித்து விடும். சேற்றிலும் ஆற்றிலும் இறங்குகிறவர்களுக்கு உபயோகம். பேடு கொஞ்சம் வேகமாகத் தேயும், மெல்லிய உறுமல் கேட்கும். மற்ற எல்லோருக்கும் நல்ல தரமான வெறும் டிஸ்க் போதும். ஹை கார்பன் வார்ப்பில் கிடைத்தால் இன்னும் நல்லது. கடலோரத்தில் வண்டி நிற்கிறவர்கள் பூச்சு பூசிய டிஸ்க் வாங்கினால் நடுப்பகுதியும் காற்று வழியும் சீக்கிரம் துருப்பிடிக்காது.

பழைய டிஸ்க்கையே வைத்துக்கொள்ளலாமா? விரல் நகத்தை டிஸ்க்கின் முகத்தில் வைத்து வெளி ஓரம் வரை இழுங்கள். ஓரத்தில் நகம் இடிக்கும். பேடு படாத இடம் அப்படியே நிற்க, பட்ட இடம் தேய்ந்ததால் வந்த வரப்பு அது. அது எவ்வளவு உயரம் என்பது ஒரு சைகை மட்டும். உண்மையான பதில் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்சக் கனம். மைக்ரோமீட்டரால் அளந்து பார்த்து, அதைத் தொட்டிருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். லேத்தில் கொடுத்துச் சீவித் தருகிறேன் என்பார்கள். சீவினால் முகம் சமமாகும், இரும்பும் குறையும். இரும்பு குறைந்தால் அதே சூட்டுக்கு இன்னும் அதிகம் காயும். முன் சொன்ன 10 கிலோ 9 கிலோவானால் 70 டிகிரி ஏறிய இடத்தில் 78 ஏறும். சீவின பிறகும் குறைந்தபட்சக் கனத்துக்கு மேல் தாராளமாக மிச்சம் இருந்தால் மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள்.

பிரேக் மிதிக்கும்போது ஸ்டீயரிங் நடுங்கினால் "டிஸ்க் வளைஞ்சிருச்சு" என்பது வழக்கம். பெரும்பாலும் வளைவதில்லை. காயக் காய வந்து, சிக்னலில் பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி நின்றால், பேடின் பொருள் அந்த ஓர் இடத்தில் மட்டும் அச்சு மாதிரி ஒட்டிக்கொள்ளும். அப்புறம் ஒவ்வொரு சுற்றிலும் அந்தத் திட்டு தட்டும். டிஸ்க் உட்காரும் சக்கர மையமான ஹப்பின் மேல் துருவைச் சுரண்டாமல் புது டிஸ்க்கை மாட்டினாலும் இதே நடுக்கம் சில ஆயிரம் கிலோமீட்டரில் வந்துவிடும். மெக்கானிக் பக்கத்திலேயே நின்று, ஹப்பைக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்கிறாரா என்று பாருங்கள். அவர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. எனக்கு நடந்ததில் டிஸ்க்கின் முகத்தில் நீலத் திட்டுகள் இருந்தன. அது வேறு, அளவுக்கு மீறிக் காய்ந்து இரும்பின் தன்மையே அங்கங்கே மாறியிருக்கலாம். டிஸ்க்கையும் மாற்றினேன்.

டயரும் ஆயிலும்

30 அங்குல டயரைக் கழற்றிவிட்டு 33 அங்குலம் போடுகிறவர்கள் பிரேக்கைப் பற்றி யோசிப்பதே இல்லை. காலிப்பர் அதே, டிஸ்க் அதே, ஆனால் சக்கரத்தின் ஆரம் பத்தில் ஒரு பங்கு கூடிவிட்டது. அதே மிதிக்குச் சாலையில் கிடைக்கும் பிடிப்பு சுமார் 9 சதவீதம் குறையும். டயரே கனம் என்பதால் சுற்றுவதை நிறுத்தவும் கூடுதல் வேலை. இரும்பு பம்பர், விஞ்ச், கூரைக் கூடாரம் எல்லாம் மாட்டிய பிறகு வண்டியை ஒருமுறை எடை மேடையில் ஏற்றிப் பாருங்கள். எந்தப் பேடு என்ற கேள்விக்குப் பாதிப் பதில் அந்தச் சீட்டில் இருக்கும்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டப்பாவில் டாட் என்று போட்டிருப்பது அதன் தர எண். டாட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 140. டாட் 4-க்கு 230, ஈரத்தில் 155. டாட் 5.1-க்கு 260, ஈரத்தில் 180. புதுப் பேடுக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு ஐந்து வருடப் பழைய ஆயிலை அப்படியே விடுவது வீண். உலோகம் அதிகமுள்ள பேடு சூட்டைக் காலிப்பருக்கும் கடத்துவதால் அப்போது ஆயில் இன்னும் முக்கியம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். டாட் 5 என்று வெறுமனே எழுதியிருப்பது சிலிக்கோன் ரகம். பெயர் ஒரே மாதிரி இருக்கிறதென்று அதை இவற்றோடு கலக்கக் கூடாது.

மாட்டிய பிறகு

பேடு மாற்றும்போது, காலிப்பரில் பேடைத் தள்ளும் பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பார்கள். அதனால் முதல் மிதிக்குப் பெடல் தரை வரை போகும். வண்டியை நகர்த்துவதற்கு முன் நின்ற இடத்திலேயே பெடல் கெட்டியாகும் வரை திரும்பத் திரும்ப மிதியுங்கள். ஒர்க் ஷாப் வாசலிலேயே சுவரில் மோதுகிற வண்டிகள் இதை மறந்தவர்களுடையவை.

அப்புறம் பழக்குவது. பேடின் பொருள் மெல்லிய படலமாக டிஸ்க்கின் முகம் முழுக்கப் படிந்தால்தான் இரண்டும் சேர்ந்து சரியாக வேலை செய்யும். விடியற்காலையில் ஆளில்லாத நேர்ச்சாலைக்குப் போங்கள். பின்னால் வண்டி இல்லை என்று பார்த்துக்கொண்டு 60-லிருந்து 15 வரை நிதானமாக, அழுத்தமாக வேகத்தைக் குறையுங்கள். முழுக்க நிறுத்த வேண்டாம். மறுபடி 60, மறுபடி 15. இப்படி எட்டுப் பத்து முறை. நடுவில் லேசாக வாடை வந்தால் பயப்பட வேண்டாம், புதுப் பேடின் பிசின் வேகும் வாடை அது. முடிந்ததும் பிரேக் தொடாமல் பத்து நிமிடம் ஓட்டி ஆற விடுங்கள். பேடு கம்பெனி வேறு முறை எழுதியிருந்தால் அதையே செய்யுங்கள்.

வீட்டுக்கு வந்து ரிம்மின் இடுக்கு வழியே டார்ச் அடித்துப் பாருங்கள். டிஸ்க்கின் முகம் ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒரே சாம்பல் நிறமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பளபளத்து மறுபக்கம் மங்கலாக இருந்தால் காலிப்பர் நகர்வதற்கு உதவும் ஸ்லைடு பின் ஒட்டிக்கொண்டிருக்கலாம். கழற்றிக் கிரீஸ் போட்டு மாட்டச் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு மலைக்குக் கிளம்புங்கள்.